ஆற்றில் விட்ட சட்டை

சித்ரலேகாவுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "மேடம் பாறையில வழுக்கி விழுந்தாங்களாமே?" என்று என்னிடம் கேட்பார்கள். வழுக்கவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அடித்து உடைத்தார்கள். தாமிரபரணிக் கரையில், பட்டப்பகலில், என் கண்முன்னால். அவள் ஆற்றில் கட்டிய வலைக்கு இப்போது நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது. அதனால் இனி நான் வாயைத் திறக்கலாம்.

நான் கெசியா, வேதியியல் ஆய்வகத்தில் வேலை. எனக்குக் கோபம் மூக்குநுனியில். அவளுக்குக் கோபமே வராது, பிடிவாதம்தான் வரும். அம்பாசமுத்திரத்துக் கண்டக்டர் மகள். சுற்றுச்சூழல் பொறியியல் படித்தாள், வெளிநாட்டில் கிடைத்த வேலையை வேண்டாமென்றாள், ஆற்றில் கிடக்கிற பழந்துணியை ஆராயப் போகிறேன் என்று எங்கள் கல்லூரியில் வந்து நின்றாள். "ஏட்டி, துணியில என்னட்டி ஆராய்ச்சி?" என்று நான் சிரித்தேன்.

பாபநாசத்துக்குக் கீழே ஒரு படித்துறைக்குக் கூட்டிப்போனாள். ஊர்ப்பெயர் சொல்ல மாட்டேன். இறந்தவருக்குக் காரியம் செய்கிறவர்கள் அவர் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும் என்பது அங்கே வழக்கம். பருத்தி மக்கிப்போகும், இப்போது எல்லாம் பாலியெஸ்டர். பாறை இடுக்கெல்லாம் சேலையும் வேட்டியும் அடைந்து, தண்ணீர் கறுத்து நாறியது. அதிலிருந்து உதிரும் நூல்தூசியை, நாங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் காட்டினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

துணி விடாதீர்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. விடுங்கள், நான் கீழே பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அதற்குத்தான் மிதவை கட்டிய வலை. அதிகாரி ஒருவர் ஒரே நிபந்தனையோடு அனுமதித்தார்: சின்னச் சண்டை வந்தாலும் வலையை அவிழ்த்துவிட வேண்டும், அப்புறம் அந்தப் பக்கமே வரக்கூடாது. அவளுடைய இத்தனை வருட உழைப்பும் அந்த வலையில்தான் தொங்கியது.

வலையைப் படித்துறைக்குப் பக்கத்திலேயே கட்டினாள். அங்கே ஓட்டம் குறைவு, துணியை அள்ளுவது சுலபம். "அவங்கதான் திரும்பிப் பாக்க மாட்டாங்களே" என்றாள். படித்தவள் போட்ட கணக்கு!

தில்லைநாயகம் திரும்பிப் பார்த்துவிட்டான். அவனுடைய அப்பாவுக்குக் காரியம். ஆற்றில் விட்ட சட்டை, போன தீபாவளிக்கு அவனே எடுத்துக்கொடுத்தது. மனது கேட்காமல் ஒருதரம் திரும்பினான். சட்டை போகவில்லை. வலையில் மாட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது.

"எங்கப்பாவ வலை போட்டுப் பிடிக்கியாட்டி?"

அப்படி ஒரு அலறல். சித்ரலேகா, "அண்ணாச்சி, பைய... நான் சொல்லுததக் கேளுங்க" என்று இரண்டு படி ஏறினாள். அவன் கையிலிருந்த செப்புச் செம்பு அவள் வாயில் இறங்கியது. ரத்தம் தாடை வழியே ஒழுகியது, உடைந்த பல் என் காலடியில் வந்து விழுந்தது. அவன் தம்பிமார் அவள் முடியைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். நான் சும்மா நிற்பேனா? சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கிற கேனால் ஒருத்தன் முதுகில் சாத்தினேன். கர்த்தர் மன்னிப்பார், மன்னிக்காவிட்டாலும் போகட்டும்.

"அறுத்துப் போடுலே அந்த வலைய!" என்று எவனோ கத்த, தில்லைநாயகம் இளநீர் வெட்டக் கொண்டுவந்த அரிவாளோடு குதித்தான். வெறிபிடித்து வெட்டினான். ஒருபக்கக் கயிறு அறுந்ததும் ஈரத்துணி அத்தனையும் வலையோடு சுழன்று வந்து அவன் காலைச் சுற்றி இழுத்தது. தலை முங்கியது. ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது. தம்பிமார் கரையில் நின்று கூப்பாடு போட்டார்கள், ஒருத்தனும் இறங்கவில்லை.

இவள் இறங்கினாள். துணி அறுக்கிற கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டாள், உடைந்த பல் போக மிச்சப் பல்லில். மூழ்குகிறவன் அவள் கழுத்தைப் பிடித்து அமுக்கினான். இரண்டு பேரையும் காணோம். வெளியே வந்த வேகத்தில் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாள் பாருங்கள், அப்படிக் குத்துவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பிடி விட்டது. மறுபடி முங்கி, அவன் காலில் இருந்ததை அறுத்து, முடியைப் பிடித்தே கரைக்கு இழுத்துவந்தாள்.

படியில் கிடந்தவன் காலில் இன்னும் ஒரு துண்டுச் சேலை சுற்றியிருந்தது. எவள் வீட்டுச் சேலையோ, எந்த வருடத்துச் சாவோ. சாயம்கூட மங்கவில்லை. அவன் அதையே வெறித்துப் பார்த்தான்.

"எங்கப்பா சட்ட... விட்டா எங்க போவும்?"

"கொற்கைக்குப் போவும், கடலுக்கும் போவும் அண்ணாச்சி. மக்காது. இன்னொருத்தன் கால்ல சுத்தும்." ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னாள்.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஜீப் வந்தது. மனிதர் மேலே நின்றபடியே, "சண்டைன்னு போன் வந்துச்சு. வலைய அவுத்துருங்க" என்றார்.

தில்லைநாயகம் எழுந்தான். மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. "சண்டையா? யாரு சார் சண்டை போட்டா? பாறையில வழுக்கி விழுந்துட்டோம், ரெண்டு பேரும்."

பிறகு இவள் பக்கம் திரும்பி, அடித்தொண்டையில், "அந்தா வளைவு இருக்குல்லா, அதுக்கு அங்கிட்டுக் கட்டு. எங்க கண்ணுல படக்கூடாது, அம்புட்டுதான். கயித்த நான் பிடிக்கேன்" என்றான்.

அதிகாரி சித்ரலேகாவின் வீங்கிய வாயைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செம்பால் அடித்தவன் இவன்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார். வழுக்கிட்டு."

நான் கையை இறுக்கி மூடிக்கொண்டேன். உள்ளே அவள் பல் இருந்தது.