அவர் மரம், எங்கள் கொடி

வாசலில் காயும் மிளகின் காரம் மூக்கில் ஏறியதும் அப்பாவின் கோபம் நினைவுக்கு வருகிறது, கண்ணுகளா.

மழை பொய்த்த வருசம். எங்கள் வயலுக்கு மேலே இருந்த மேட்டுக்காட்டுக்காரர் கட்டையைப் போட்டு வாய்க்காலை அடைத்துவிட்டார். எங்கள் நெல் கருக ஆரம்பித்தது. அப்பா கோடாலியோடு, அவர் மரங்கள் நின்ற எல்லை வரப்புக்கு ஓடினார்.

"அவன் சில்வர் ஓக் மரம் ஒண்ணும் மிஞ்சாது!"

அம்மா பின்னாலேயே போனாள். "நல்லா வெட்டுங்க. அதுல ஏறியிருக்கறது நம்ம மிளகுக்கொடிங்க."

அப்பா பல்லைக் கடித்தார். வாய்க்காலுக்குப் போய் அந்தக் கட்டையைப் பிளந்தார். பாதித் தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்தது. மீதியை அவர் காட்டுக்கே விட்டார்.

"ஏனுங்க, அவருக்குமா?"

"அந்த மரம் காஞ்சா நம்ம கொடி எதப் புடிச்சு நிக்கும்?"

மேட்டுக்காட்டுக்காரரைத் திட்டுவதை மட்டும் அப்பா கடைசிவரை நிறுத்தவில்லை.

கோபம் வந்தால் வரட்டும், கண்ணுகளா. கோடாலியை எங்கே போடுகிறோம் என்று பார்த்துப் போடணும்.