இருபத்து நாலாவது வீடு

அந்த வரிசையில் இருபத்து நாலு வீடுகள். சுவர்களுக்குள் ஓடும் கம்பி அத்தனையும் ஒரே ஆளின் கைவேலை. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் அவர் திருகாணி முடுக்கும் திருப்புளி வைத்திருப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் திருப்புளியார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே சட்டென்று நினைவுக்கு வருமா என்பது சந்தேகம்.

இளவயதில் அவர் உயர்மின் கோபுரங்களில் கம்பி இழுத்தவர். மலைக்கு மலை தொங்கும் அந்தக் கம்பி அலுமினியம். பலத்துக்கு நடுவில் எஃகு. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பு ஒரு படி மேல்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதே வேலைக்கு அலுமினியத்தைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டாலும் எடை பாதிதான் வரும். செம்பைக் கட்டித் தொங்கவிட்டால் கோபுரங்களை நெருக்கி நெருக்கி நட வேண்டியிருக்கும். இதை யாராவது கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

இந்த வீடுகளைக் கட்டிய வருடம் செம்புக் கம்பி மருந்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. மலையைத் தாண்டுகிற கம்பிக்கு இந்தச் சுவர் எம்மாத்திரம் என்று மார்தட்டி, இருபத்து நாலு வீட்டுக்கும் அலுமினியத்தையே போட்டார். அதில் ஒன்று அவருடைய வீடு.

வருடம் திரும்புவதற்குள் ஏழாவது வீட்டில் ஒரு சுவிட்ச் புகைந்தது. கழற்றிப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கோபுரத்தில் இணைப்பை இயந்திரத்தால் நசுக்கி ஒன்றாக்கிவிடுவார்கள். வீட்டிலோ ஒவ்வொரு சுவிட்சிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பொடித் திருகாணி. அலுமினியம் மெத்தென்ற உலோகம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, திருகாணிக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொடுக்கும். பிடி தளர்ந்த இடம் கொதிக்கும், கொதித்தால் இன்னும் தளரும். வேறு ஆளாக இருந்தால் கம்பி விற்ற கடைக்காரன் தலையில் பழியைப் போட்டிருப்பான். இவர் வீடு வீடாகப் போய்த் தப்பு தன்னுடையது என்று சொன்னார். செம்பு மாற்றும்வரை வருடா வருடம் தானே வந்து ஒவ்வொரு திருகாணியையும் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார்.

பிறகு செம்பு தாராளமாகக் கிடைத்தது. ஆனால் நன்றாகத்தானே எரிகிறது, எதற்குச் சுவரை உடைப்பது என்று ஒருவரும் அசைந்துகொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. தளர்ந்ததை முடுக்கி, கறுத்த முனையை வெட்டி, புதிதாகச் சீவிப் பொருத்தி, இருபத்தாறு வருடம் ஓட்டினார். அப்பேர்ப்பட்ட பிடிவாதம்.

இந்த வருடம் வேறெங்கோ அலுமினியம் போட்ட ஒரு கட்டடம் எரிந்துபோனது. மின்வாரியம் ஓர் இளம் பெண் பொறியாளரை அனுப்பியது. அவர் கையில் சூட்டைப் படமாகக் காட்டும் கருவி. ஓர் இடம் கொதித்தாலும் மொத்த வரிசைக்கும் மின்சாரத்தை நிறுத்துவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருப்புளியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நிற்கப்போவது மின்சாரம் மட்டுமா, அவர் வாக்கும் அல்லவா?

கம்பியில் சுமை ஏறட்டும் என்று எல்லா வீட்டிலும் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் என்று இருப்பதையெல்லாம் ஓடவிட்டார்கள். முதல் வீடு, குளிர்ச்சி. ஏழாவது வீடு, குளிர்ச்சி. பன்னிரண்டைத் தாண்டியதும் திருப்புளியாரின் நடையில் மிடுக்கு ஏறிவிட்டது. இருபத்து மூன்றாவது வீட்டிலிருந்து வெளியே வந்தபோது பொறியாளரே அவரை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்.

மிச்சம் திருப்புளியாருடைய வீடுதான். வாசலில் கால் வைத்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரார் வீட்டையெல்லாம் முடித்துக் களைத்து வந்து, நம் வீடுதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார். முதல் சில வருடங்களுக்குப் பிறகு அந்த நாளை வந்ததே இல்லை. கொதித்தால் பழியைக் கம்பியின் தலையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்கு மனசு ஒப்பவில்லை.

“மேடம், இந்த வீட்டை மட்டும் நான் தொட்டு இருபது வருஷம் ஆச்சு. தப்பு என்னோடது. மத்த வீடுகளைத் தண்டிச்சுடாதீங்க.”

பொறியாளர் உள்ளே போனார். கூடம், படுக்கையறை, சமையலறை என்று கருவியைக் காட்டிக்கொண்டே வந்தார். எங்கும் குளிர்ச்சி. சந்தேகப்பட்டு இரண்டு சுவிட்ச் பலகைகளைக் கழற்றியும் பார்த்தார். திருகாணிகள் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தன.

திருப்புளியார் பேந்தப் பேந்த விழித்தார். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, மசாலா டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து மரப்பிடி போட்ட பழைய திருப்புளி ஒன்றை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

“நீங்க ஊர் வீட்டையெல்லாம் பாக்கப் போற அன்னிக்கே நான் இங்க பாத்துடுவேன். மெயினை நிறுத்திட்டுத்தான். ஒரு தடவை ஹீட்டர் பாயின்ட்ல முனை கறுத்திருந்துச்சு, வெட்டிச் சீவிப் போட்டேன்.”

“உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

“சாப்பிட உக்காந்தா வேற என்னத்தைப் பேசினீங்க?”

பொறியாளர் சிரித்தேவிட்டார். திருப்புளியாருக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு நிறைந்தது. தன் வேலையை நினைத்து எத்தனையோ முறை பெருமைப்பட்டிருக்கிறார், இவ்வளவு பெருமை ஒருநாளும் பட்டதில்லை.

மின்சாரம் நிற்காது, ஆறு மாதத்துக்குள் எல்லா வீட்டுக்கும் செம்பு மாற்றிவிட வேண்டும் என்று பொறியாளர் எழுதினார். அதைத்தான் இத்தனை வருடமாகத் தானும் சொல்லி வருவதாகத் திருப்புளியார் தலையாட்டினார். படிவத்தில் பராமரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் பொறியாளர் எழுதப் போனபோது அவரே கையை நீட்டித் தடுத்தார்.

“இருபத்து மூணு வீட்டுக்கு என் பேரைப் போடுங்க. இந்த வீட்டுக்கு இவ பேரு. தனி வரியில எழுதுங்க மேடம்.”

மனைவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் பெயரை எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.