களிக்குப் பிரெஞ்சில் பேர் இல்லை

தங்கச் சுரங்கக் குடியிருப்பான நந்திதுர்க் லைன் வீட்டுச் சம்பங்கிக்கு ஐம்பத்தாறு வயதில் பிரெஞ்சுப் பைத்தியம் பிடித்தது. மகன் பரத் பிரான்சில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பிரெஞ்சுப் பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் பேசியாயிற்று. சம்பந்தியம்மாவோடு நாலு வார்த்தை தானே பேச வேண்டும், பையன் அசந்துபோக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆயா வேலை. ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கூட வரும் ஜெனிட்டா போனில் பாடத்தை ஏற்றிக் கொடுத்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா! 'காலையில் நான் ரொட்டி சாப்பிடுகிறேன், பால் குடிக்கிறேன், பழம் சாப்பிடுகிறேன்' என்று ஆறு மாதம் ஒரே பாட்டு. பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் காது புளித்துப்போனது.

"இன்னாக்கா, தெனம் ரொட்டி, பாலு? டப்பாவுல களிதான இருக்குது?" என்பாள் ஜெனிட்டா.

"போன்ல களி இல்லடி. நான் இன்னா பண்றது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சம்பந்தியம்மா வீடியோவில் வந்தார். மிரேய் என்று பேர், சிரித்த முகம். மொழிபெயர்க்க அவர் பக்கத்திலேயே பரத். தன் பிரெஞ்சைக் கடைசியில் எடுத்துவிடலாம் என்று சம்பங்கி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அங்கே தினமும் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று மிரேய் கேட்டது, பரத் சொல்லும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

"காலைல ராகிக் களி, கருவாட்டுக் கொழம்பு. மீந்தா ராத்திரிக்கும் அதான். சொல்லுபா."

பரத் பிரெஞ்சில் சொன்னான்: "அம்மா காலையில் ரொட்டி, பழம், பால் சாப்பிடுவார். இரவில் காய்கறி சூப்."

ஒவ்வொன்றும் அவள் ரயிலில் உருப்போட்ட வார்த்தை. அடப்பாவி! அந்தக் களியைத் தின்று வளர்ந்த உடம்புதானே அவனுடையது? ஆனாலும் அவள் கத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பிரெஞ்சிலேயே சொன்னாள்.

"இல்லை, மதாம். நான் காலையில் ரொட்டி சாப்பிடுவதில்லை. களி சாப்பிடுகிறேன். காய்ந்த மீன் சாப்பிடுகிறேன். எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரத்துக்கும் பிடிக்கும்." களி எப்படி இருக்கும் என்று இரண்டு கையாலும் உருட்டிக் காட்டினாள்.

மிரேய் திரும்பி பரத்தைப் பார்த்தார். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"எப்பம்மா கத்துக்கினே?" என்றான் தமிழில்.

"ஆறு மாசமாச்சி. நீ அங்க இன்னா பேசறேன்னு எனக்குப் புரியணும் இல்ல, அதுக்குத்தான்டா. புரிஞ்சிபோச்சி."

அம்மா என்ன சொல்கிறார் என்று மிரேய் கேட்டார். பரத் அம்மா சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னான். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. சம்பங்கி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.