புஷ்பம் அக்காவின் எண்ணெய்

கட்டப்பனைக் கடையில் புல்தைலப் பாட்டிலைத் திறந்ததும், அந்த இஞ்சிப்புல் வாசத்தில், ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் இன்று இடிந்து புதர் மண்டிவிட்ட எங்கள் லயத்து வரிசைவீடுகளில் கடைசி வீடு நினைவில் வந்து நின்றது. அங்கே புதிதாகக் குடிவந்த புஷ்பம் அக்கா, தேங்காயெண்ணெயில் இஞ்சிப்புல்லும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சி, இறக்கிக் கற்பூரம் கலந்து, அதையே தலைக்கும், பித்தவெடிப்புக்கும், கட்டில் மூட்டைப்பூச்சிக்கும், கிறீச்சிடும் கதவுக்கும் தடவுவாள்.

"பூச்சியக் கொல்லுறத எப்படித் தலையில வைக்கா? உள்ள என்னமோ போடுறா" என்று அம்மா எங்களை அந்தப் பக்கமே விடமாட்டாள்.

டைபாய்டு வந்து அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, முக்காட்டோடு கொழுந்து கிள்ளப் போய்வந்த நாட்களில், அக்கா ஒரு பாட்டிலோடு வந்தாள். அம்மா மோந்து பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"முதல்ல நீ தேய்டி, பாப்போம்."

அக்கா கோபப்படவில்லை. கொண்டையை அவிழ்த்துத் தன் தலையில் வழிய ஊற்றிக்கொண்டாள். பிறகு அம்மாவின் பின்னால் உட்கார்ந்து, அதே கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டாள். அம்மா கண்ணை மூடவேயில்லை. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்குள் முடி வளர்ந்துவிட்டது. அதைப் பின்னிக்கொண்டே அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எல்லாஞ் சரிதான். நமக்கு எதுக்கு சும்மா குடுத்தா? அதத்தான் யோசிக்கேன்."