தாடை வழியே வந்த பதில்

மலையில் இருப்பவர்களுக்குக் காது அடைப்பது ஒரு விஷயமே இல்லை. சேலம் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். என் இடது காதும் அப்படித்தான் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். எச்சில் விழுங்கினேன். கொட்டாவி விட்டேன். நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அது கோடை விழா முடிந்து, ஊரில் கூட்டம் குறைந்திருந்த சமயம். காபிப் பழம் பறிக்கும் காலம் வந்தபோதும் காது திறக்கவில்லை.

சபையில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஊர் தலைச்சோலை. அப்பா இல்லை. அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறார். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் டெக்னீசியனாக இருக்கிறேன். இன்டர்காம், கேமரா, அரங்கத்து ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. ஞாயிறு பள்ளியில் படித்த நாளிலிருந்து நம் சபையில் கிட்டார் வாசிக்கிறேன். கர்த்தர் என் காதுக்குச் செய்ததை எழுதித் தரச் சொன்னார் பாஸ்டர். எழுந்து நின்று சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் போனவை சின்னச் சத்தங்கள். தகரக் கூரையில் விழும் முதல் தூறல். அடுப்பில் பால் பொங்கும் ஓசை. கம்பியில் விரல் நகரும்போது வரும் கீச்சு. சபையில் எல்லோரும் கண்மூடி மெல்லிய குரலில் ஜெபிக்கும் நேரம் எனக்கு வெறும் அமைதியாகிவிட்டது. அடுத்த வருடம் வலது காதும் மங்கத் தொடங்கியது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்கண்ணு, இப்பெல்லாம் நொம்ப மெதுவாப் பேசறே. பக்கத்துல உக்காந்திருக்கற எனக்கே கேக்க மாட்டேங்குது. நான் பேசறது மட்டும் உனக்குக் கத்துனாத்தான் கேக்குது. இது என்ன நாயம்?" என்றார்.

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று முதல் அம்மா ஜெபிக்கும்போது உதடுகள் கூடுதல் நேரம் அசைவதைப் பார்த்தேன். என்ன கேட்கிறார் என்றுதான் எனக்குக் கேட்கவில்லை.

நானும் ஜெபித்தேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். ஒன்றும் மாறவில்லை. ஸ்பீக்கர் பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்றதால் காது நரம்பு செத்துவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். செத்த நரம்பு திரும்ப வராது என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் டாக்டரிடம் போகவும் மனம் வரவில்லை. போனால் அதை அவர்கள் வாயால் சொல்லிவிடுவார்கள். சொல்லாத வரைக்கும் கொஞ்சம் மிச்சம் இருப்பது போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சபைக்கு டிரம் செட் வந்தது. அதை வாசிப்பவர் டேனியல் அண்ணன். மற்ற நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். டிரம் சத்தத்தில் என் மரக் கிட்டார் காணாமல் போனது. "உன்ற கிட்டாரு ஊமைப் படமாட்டம் இருக்குதும்மா. கை மட்டும் ஆடுது, சத்தத்தக் காணோம்" என்பார். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே அது கேட்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

சபையார் கூடிப் பேசி ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "கரண்டு சாமானெல்லாம் உனக்குத்தான் கண்ணு தெரியும். சேலத்துக்கு நீயே போ. நாலஞ்சு கிட்டாரை நல்லாக் காதால கேட்டுப் பாத்து, ஒண்ணை எடுத்துட்டு வா" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் 'நல்லாக் காதால கேட்டுப் பாத்து' என்ற சொல் கூடவே வந்தது.

டேனியல் அண்ணன் ஜீப்பில் கிளம்பினோம். வழி நெடுக அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி மலை இறங்கியபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, சபையில பத்துத் தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கற. இந்த ஓட்ட ஜீப்பு எஞ்சின் சத்தத்துல மட்டும் உனக்கு எப்படி எல்லாம் கேக்குது? என்ற சத்தம்னா ஆகாதா?"

எனக்கும் அது விளங்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

கடைக்குப் போகும் முன்பே என்ன பார்க்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் ஒன்று மின்சாரமாக மாற்றும். அதைத்தான் பிக்கப் என்பார்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் பளிச்சென்று ஒலிக்கும். ஆனால் நம் சபையின் டியூப் லைட்டுகளுக்குக் கீழே நின்றால் 'ம்ம்ம்' என்று இரைச்சலும் சேர்ந்து வரும். ஆகவே இரட்டைச் சுருள் வேண்டும், அது இரைச்சலைத் தானே அடக்கிவிடும். எங்கள் பனிமூட்டத்துக்கும் ஈரத்துக்கும் வளையாத கழுத்து, அதாவது விரல் ஓடும் நீண்ட மரம், வேண்டும். ஆராதனை முடியும் வரை நின்று வாசிக்க வேண்டியிருப்பதால் தோளை இழுக்காத எடை வேண்டும். இத்தனையும் கண்ணாலும் கையாலும் பார்த்துவிடலாம். கடைசியாக மிஞ்சுவது காதால் பார்க்க வேண்டியது.

கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர், பொறுமையானவர். என் கணக்குக்குப் பொருந்திய மூன்று கிட்டார்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒவ்வொன்றாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்து வாசித்தேன். கடையில் யாரோ கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றும் எனக்கு ஒரே மாதிரி, தூரத்தில் யாரோ வாசிப்பது போல இருந்தன. ஆம்ப்ளிஃபயரின் சத்தத் திருகைத் திருப்பிக் கூட்டினேன். கடைக்காரர் முகம் சுளித்தார். அப்போதுதான் எவ்வளவு கூட்டிவிட்டேன் என்று புரிந்தது.

அந்த நேரம் கரண்டு போய்விட்டது.

"சித்த இருங்க, வந்துரும்" என்று கடைக்காரர் வாசலுக்குப் போனார். டேனியல் அண்ணன் டீ குடிக்கப் போனார். எலக்ட்ரிக் கிட்டார் சாதாரணக் கிட்டாரைப் போல உள்ளே கூடாக இருக்காது, முழு மரப் பலகை. கரண்டு இல்லாவிட்டால் அதன் சத்தம் அதை வாசிப்பவருக்கே சரியாகக் கேட்காது. எனக்கோ ஒன்றுமே கேட்கவில்லை.

மூன்றாவது கிட்டாரை மடியில் வைத்தபடி குனிந்துவிட்டேன். இனி மறைப்பதற்கில்லை என்று தோன்றியது. ஆண்டவரே, காதைக் கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன், இது வேறு யாராவது வாசிக்க வேண்டிய கிட்டார் என்றால் அதையாவது சொல்லிவிடும், நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஜெபித்தேன். கிட்டாரின் கழுத்தை ஒட்டிக் கொம்பு போல நீண்டிருக்கும் பலகையின் மேல் என் தாடை பதிந்திருந்தது. விரல் பழக்கத்தில் ஒரு கம்பியைத் தட்டியது.

தலை முழுவதும் அந்த ஸ்வரம் நிறைந்தது. சுத்தமாக, நீளமாக, அடங்கி முடியும் வரை கேட்டது. அதுவும் இடது காதில். கேட்காத காதில்தான் கூடுதலாகக் கேட்டது.

தாடையை எடுத்துவிட்டுத் தட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி வைத்துத் தட்டினேன். இருந்தது. இரண்டு காதையும் தோளாலும் கையாலும் பொத்திக்கொண்டு ஒருவழியாகத் தட்டிப் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

விடுதியில் ஒரு அறையின் இன்டர்காம் பேசவில்லை என்றால் நான் முதலில் லைனைச் சோதிப்பேன். வேறு கருவியை மாட்டினால் பேசுகிறது என்றால் லைன் நன்றாக இருக்கிறது, பழுது கருவியில்தான். அப்படியானால் என் நரம்பு செத்திருக்கவில்லை. செத்திருந்தால் எலும்பு வழியாக வந்தாலும் கேட்காது. லைன் உயிரோடு இருக்கிறது. வாசலில்தான் ஏதோ அடைத்திருக்கிறது. ஜீப் சத்தத்தில் எனக்குக் கேட்டதற்கும் காரணம் புரிவது போல இருந்தது. இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். அந்த இரைச்சல்தான் என் அடைபட்ட காதுக்குள் அவ்வளவாக வருவதில்லை.

நான் மற்ற இரண்டு கிட்டார்களையும் எடுத்துத் தாடையில் வைத்துத் தட்டினேன். ஒன்றில் ஸ்வரம் பாதியிலேயே அடங்கிவிட்டது. மற்றொன்று எங்கோ ஒரு திருகு தளர்ந்து கிரீச்சிட்டது. மூன்றாவது நின்று ஒலித்தது. நிமிர்ந்தபோது கடைக்காரர் எதிரில் நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, கரும்புன்னு நெனச்சுட்டீங்களா? கடிச்சுக் கடிச்சுப் பாக்கறீங்க."

"இதுதானுங்க வேணும்" என்றேன். அழுதுகொண்டே சொன்னேன் போலிருக்கிறது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வந்த டேனியல் அண்ணன், "என்ன பண்ணுனீங்க எங்க புள்ளய?" என்று அவரிடம் சண்டைக்குப் போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்தி, ஜீப்பில் ஏறிய பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா ஒரு இசைக்கவையைத் தட்டி முதலில் என் காதுக்கு முன்னால் பிடித்தார். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். எதில் நன்றாகக் கேட்கிறது என்று கேட்டார். "எலும்புலதாங்க டாக்டர். நான் கிட்டாரை வெச்சுப் பாத்துட்டேன்" என்றேன். அவர் கவையைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். பிறகு இயந்திரத்தில் சோதித்தார். நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். நடுக்காதில் அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று உண்டு, அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகும், உனக்கு அது இறுகிவிட்டது, இது ஸ்பீக்கரால் வந்ததல்ல, உன் வயதுப் பெண்களுக்கு வருவதுதான் என்றார். ஆபரேஷன் செய்து அந்த இடத்தில் ஒரு நுண்ணிய பிஸ்டனை வைக்கலாம். பெரும்பாலும் சரியாகும். அபூர்வமாகச் சிலருக்கு இருக்கும் கொஞ்சமும் போய்விடுவதுண்டு. இதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னபோது அம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் மனதில் நின்றது.

"இருக்கறது போதும் சாமி. நான் கத்திப் பேசறேன். காதுக்குள்ள கத்திய உட வேண்டாம்."

"அம்மா, நான் கேட்டதுக்கு அவரு பதில் சொல்லிட்டாரு. வழியக் காட்டுன பொறவு நான் நடக்கலைன்னா, அப்பறம் என்ன கேக்கறது?"

அம்மா அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். "சரி. போலாம். நானும் வாறேன். பழம் பறிக்கறதுக்கு ஆளு கெடைப்பாங்க" என்றார்.

முதலில் இடது காதுக்கு, கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஆபரேஷன் நடந்தது. காதை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள், நான் விழித்திருந்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கடையில் கேட்ட ஸ்வரத்தை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். திடீரென்று யாரோ என் காதருகே சத்தமாக, "பஞ்சு எடுங்க" என்றார்கள். டாக்டர் நர்ஸிடம் சாதாரணமாகச் சொன்னதுதான் அது.

"இப்பக் கேக்குதாம்மா?" என்றார் டாக்டர்.

"கேக்குதுங்க. நீங்க இவ்வளவு சத்தமாப் பேச வேண்டியதில்லீங்க" என்றேன். என் முகத்தை மூடியிருந்த துணிக்குப் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் கேட்டது.

பிறகு காதைப் பஞ்சால் அடைத்துவிட்டார்கள். சில வாரங்கள் மலை ஏறக் கூடாது, காற்றழுத்தம் மாறும் என்றார்கள். சேலத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். எழுந்து நின்றால் தலை சுற்றியது. நாக்கில் பேட்டரியை வைத்தது போல ஒரு ருசி இருந்துகொண்டே இருந்தது. கேட்டது கனவாக இருக்குமோ என்று சில நாள் சந்தேகப்பட்டேன். பஞ்சை எடுத்ததும் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. காபிப் பூ பூத்திருந்த சமயம் டேனியல் அண்ணன் ஜீப்பில் மலை ஏறினேன். வளைவுகளில் காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன். திறந்துகொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புதுக் கிட்டாரை முதல் முறையாக நான் காதால் கேட்டேன். ஆம்ப்ளிஃபயரின் திருகைப் பாதிக்கும் கீழே வைத்தேன். "இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார் டேனியல் அண்ணன். "நீங்க கொஞ்சம் மெதுவா அடிங்கண்ணா" என்றேன். அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பாடல் முடிந்து, எல்லோரும் மெல்லிய குரலில் ஜெபிக்கும் நேரம் வந்தது. கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி நின்றேன். இரண்டு வருடமாக எனக்கு வெறுமையாக இருந்த அந்த நேரம் முழுக்க முணுமுணுப்பாக இருந்தது. ஒருவர் மகனுடைய வேலைக்காக, ஒருவர் கணவருடைய குடி நிற்பதற்காக. எனக்குப் பின்னால், பெண்கள் வரிசையில், பழகிய ஒரு குரல். "ஏசப்பா, என்ற புள்ளயோட காதத் தொறந்து உடுங்க. என்ற புள்ளயோட காதத் தொறந்து உடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண் திறந்து என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பழக்கத்துல வந்துருச்சு கண்ணு" என்றார், அந்த மெல்லிய குரலிலேயே.

அன்புக்குரியவர்களே, உங்களில் யாராவது ஒரு வேதனையை மறைத்து வைத்திருக்கலாம். ஜெபிக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே என்று சோர்ந்திருக்கலாம். கேட்பதை விட்டுவிடாதீர்கள். பதில் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வாசல் வழியாகவே வர வேண்டியதில்லை. ஒரு மருத்துவர் வழியாக வரலாம், ஒரு மரப் பலகை வழியாகவும் வரலாம். வந்தால் எழுந்து அதன் பின்னால் போங்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்ய வல்லவர். அவருக்கே நன்றி.

என் வலது காது இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. அதற்கும் ஒருநாள் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். அம்மா இப்போது அதற்காக ஜெபிக்கிறார். எனக்கு அது கேட்கிறது.