கறிக்கடைக் குளிரறையில் இருபது ரோஜா

ஞாயிறு, காலை 5.50. ஓசூர் பேருந்து நிலையத்தில் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே காகிதம் சுற்றிய இருபது சிவப்பு ரோஜா, பக்கத்தில் இரண்டு ஐஸ் பொட்டலம். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெறுங்கையோடு போக வேண்டாமே என்று எடுத்து வந்தேன். பனியில் விரல் விறைத்தது. பூவுக்கு அது பிடித்திருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

பாகலூர் பக்கம் நாங்கள் பதினொரு பேர் ரோஜா பயிரிடுகிறோம். பறித்த பூவை வைக்கப் பொதுவாக ஒரே ஒரு குளிரறை. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் ஊரை எழுப்பிக்கொண்டு ஓடும். அதற்குப் பதிலாக பேட்டரி வைத்துத் தருகிறோம், பகலில் சோலாரில் ஏறும், கரண்ட் இல்லாதபோது நான்கு மணி நேரம் அறையைக் காக்கும் என்று ஒரு பெரிய மின் நிறுவனம் எங்களைக் கேட்டிருந்தது. வேறு ஊர்களில் மலை மலையாக நிலக்கரி எரிக்கும் அதே நிறுவனம்தான். இப்போது புகையில்லாத மின்சாரத்துக்கு மாற வழி தேடி ஆனேக்கல் பக்கம் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை மற்றப் பத்து பேரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பிப்ரவரிப் பூதான் எங்களுக்கு வருஷம் முழுவதற்குமான சோறு. அந்த வாரத்தில் அறை சூடேறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள்.

எங்களில் மூத்தவர் நாராயணப்பா. கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "நீ சரின்னு சொல்லிட்டு வந்தாலும் வா. பேட்டரி ஓடுற அன்னைக்கு என் பூவை மட்டும் அந்த ரூம்ல வைக்க மாட்டேன்."

6.05. ஆனேக்கல் போகும் கர்நாடக அரசுப் பேருந்து. பதினேழு கிலோமீட்டர் சொச்சம். முன்னால் இருந்த பெண்கள் வரிசையாக ஆதார் அட்டையை நீட்டி இலவச டிக்கெட் வாங்கினார்கள். நானும் கெத்தாக நீட்டினேன்.

கண்டக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "அட்ரஸ் தமிழ்நாடா? அப்ப நடக்காதும்மா. இங்க இருக்கிற லேடீஸ்க்கு மாத்ரம்தான் ஃப்ரீ."

"பத்து கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தது என் தப்பா?"

"என் தப்பும் இல்ல. இருபத்தஞ்சு ரூபா குடுங்க."

கொடுத்தேன். பெட்டிக்கு லக்கேஜ் போடுவாரோ என்று பயந்து அதை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். அத்திப்பள்ளி தாண்டியதும் வெளிச்சம் வந்தது.

7.20. ஆனேக்கலில் பத்து ரூபாய்க்கு ஒரு டீ, அங்கிருந்து எண்பது ரூபாய்க்கு ஆட்டோ. ஆராய்ச்சிக்கூடம் என்றதும் கண்ணாடிக் கட்டடம், வெள்ளைக் கோட்டு என்று ஏதேதோ நினைத்திருந்தேன். பார்த்தால் தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே அலமாரி அலமாரியாக ஆட்டோ பேட்டரிகள். வாசலில் நின்று வரவேற்றவர் ஹேமா, முப்பது வயதைத் தாண்டியிராத எஞ்சினியர். பெங்களூர் அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். எனக்காக ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். காவலாளியிடம் கன்னடத்தில் ஆரம்பித்த வாக்கியத்தை என்னிடம் தமிழில் முடித்தார்.

"எலெக்ட்ரிக் ஆட்டோல ஓடி ஓடி டயர்ட் ஆன பேட்டரி அக்கா இதெல்லாம். ஆட்டோ இழுக்க சக்தி பத்தாது, ஆனா தூக்கிப் போடுற அளவுக்கும் கெட்டுப்போகல. ஒவ்வொரு செல்லா டெஸ்ட் பண்ணி, நல்லதைப் பொறுக்கி, புது பெட்டி கட்றோம்."

எனக்கு அந்த யோசனை உடனே பிடித்துவிட்டது. ஓடி அலுத்ததை நிழலில் உட்கார வைத்து வேலை வாங்குவது புத்திசாலித்தனம்தானே. ரோஜாக்களை நீட்டினேன். அவர் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு நேரே கம்ப்யூட்டருக்குப் போனார். பூவைப் பார்ப்பதைவிட எனக்குக் காட்ட வேண்டிய அவசரம் அவருக்கு இருந்தது.

சிவாஜிநகர் சந்தையில் சாதிக் பாய் என்பவரின் ஆட்டுக்கறிக் குளிரறையில் இவர்கள் பெட்டியை வைத்து ஐந்து முறை சோதித்திருக்கிறார்கள். கறிக்கும் இரண்டிலிருந்து நான்கு டிகிரி, ரோஜாவுக்கும் அதேதான். கரண்டை நிறுத்தினார்கள், ஐந்து முறையும் பெட்டி நான்கு மணி நேரம் தாங்கியது. திரையில் ஐந்து கோடுகள், ஐந்தும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேர்கோடு.

எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் அறையின் வெப்பமானியை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். ஆள் உள்ளே போனால் ஏறும், கதவைச் சாத்தினால் இறங்கும். ரம்பத்தின் பல் மாதிரிதான் இருக்கும், இப்படி நேராக ஒருநாளும் இருந்ததில்லை.

"ஹேமா, இந்த நாலு மணி நேரமும் கதவை யாரு திறந்தாங்க?"

"கதவா?" என்று கேட்டு நிறுத்தினார். பிறகு தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியது. பெங்களூரில் வருஷத்தில் சில நாள் கறி விற்கக் கூடாது என்று மாநகராட்சி உத்தரவு போடும். வியாபார நாளில் கரண்டை நிறுத்த எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்? கடை மூடிய நாளில்தான் பாய் விட்டிருக்கிறார். ஐந்து சோதனையும் கறிக்கடை லீவு நாட்களில் நடந்தவை. அறை நிறையக் கறி, கதவைத் தொட ஓர் ஆள் இல்லை.

வேறு யாராவது இருந்தால் மழுப்பியிருப்பார்கள். ஹேமா நாற்காலியில் சாய்ந்து, "அய்யோ, எவ்ளோ பெரிய முட்டாள்தனம்! ரெண்டு வருஷ வேலை அக்கா" என்றார்.  அப்புறம் வண்டிச் சாவியை எடுத்தார். "இன்னைக்கு சண்டே. கறிக்கு இதைவிட பிஸி நாள் கிடையாது. வரீங்களா?"

எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது. மேசைமேல் இருந்த ரோஜாவைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து எடுத்துக்கொண்டேன். பெங்களூர் போக்குவரத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ, அது வாடுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

9.15. நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம். ஞாயிறு என்பதால் ஒன்றே கால் மணி நேரத்தில் சிவாஜிநகர். துணிக்கடைக்காரர்கள் பாதிப் பாதையில் மேசை போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் நாங்கள் நடந்தோம். சாதிக் பாய் கடைமுன் மூன்று வரிசைக் கூட்டம். அவர் ஐம்பது வயதுக்காரர், கத்தியைக் கீழே வைக்காமலே பேசுபவர். விஷயத்தைக் கேட்டதும் கத்தி அந்தரத்தில் நின்றது.

"நக்கோ நக்கோ! சண்டே வேணாம் மேடம். உள்ள இருபது ஆடு தொங்குது. உங்க பெட்டி படுத்துக்கிச்சுன்னா நான் யார்கிட்ட போய் அழுவுறது?"

 எனக்கு என்ன தோன்றியதோ, என் தெர்மோகோல் பெட்டியைத் திறந்து ரோஜாவைக் காட்டினேன்.

"பாய், நான் ஓசூர்ல பூ வளர்க்கிறவ. எனக்கும் இந்த பயம்தான், அதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்கேன். ஜெனரேட்டர் ரெடியா நிக்கட்டும். மீட்டர்ல அஞ்சு டிகிரி வந்தா நீங்களே போடுங்க. உங்க கறியோட என் பூவும் உள்ள இருக்கட்டும்."

பாய் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். "கறி ரூம்ல குலாபா? ஹவ், சரி, வைங்க அக்கா. என் பொஞ்சாதிகிட்ட சொன்னா நம்பமாட்டா."

9.30. கரண்டை நிறுத்தினார்கள். பன்னிரண்டாவது ஆட்டுத் தொடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கொக்கியில் என் இருபது ரோஜா தொங்கியது. அதைவிட விநோதமான காட்சியை நான் பார்த்ததில்லை. கடைப் பையன்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தார்கள், பாதி நேரம் காலால் தள்ளித்தான் சாத்தினார்கள். ஹேமாவின் மடிக்கணினியில் கோடு எங்கள் ஊர் ரம்பப் பல்லாகவே ஏறி இறங்கியது. அவர் நகம் கடிக்க ஆரம்பித்தார். மேல் மூடியில் கொட்டை எழுத்தில் '4 மணி நேரம்' என்று ஒட்டியிருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டி மட்டும் சத்தம் போடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா பாய், இன்னைக்கு ஜெனரேட்டர் சத்தமே காணோம், காது நிம்மதியா இருக்கு?" என்றார். பாய் உதட்டில் விரல் வைத்தார், ஏதோ தூங்கும் குழந்தை எழுந்துவிடும் என்பதுபோல.

பதினோரு மணிக்கு மூன்றரை டிகிரி. பன்னிரண்டுக்கு நான்கு. நான் பாயின் பெஞ்சில் உட்கார்ந்து அவர் வாங்கித் தந்த பாலில்லாத சுலைமானி டீயைக் குடித்தேன், என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் பதினொரு பேரின் பிப்ரவரியே அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

12.40. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து கம்ப்ரஸர் நின்றது. பாய் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். அறையில் நாலரை டிகிரி, நான் சொன்ன ஐந்துக்கு இன்னும் அரை டிகிரி இருந்தது. கரண்டைத் திரும்பப் போட்டார்கள், ஜெனரேட்டருக்கு வேலை வரவில்லை. கறிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மணி பத்து நிமிடம். நான்கு இல்லை.

ஹேமா யாருக்கோ போன் செய்து தலைகுனிந்து சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, பெட்டிமேல் இருந்த '4 மணி நேரம்' என்பதை அடித்தார். கீழே '3.10, சண்டே' என்று எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "இப்பதான்க்கா நிஜமா ஒரு நம்பர் கிடைச்சிருக்கு."

பாய் தாடியைத் தடவினார். "எனக்கு இது போதும் மேடம். இங்க கரண்ட் போனா ரெண்டு மணி நேரத்துல வந்துடும். ஜெனரேட்டரை வித்துடலாமா?"

"இன்னும் ரெண்டு சண்டே பார்த்துட்டு வித்துக்கோங்க பாய்" என்றார் ஹேமா. அவசரப்படாமல் இன்னும் இரண்டு ஞாயிறு பார்க்கச் சொன்னதால்தான் நான் அந்தப் பெண்ணை நம்பினேன்.

ரோஜாவைக் கழற்றினேன். கட்டை விரலால் ஒவ்வொரு மொட்டாக அழுத்திப் பார்த்தேன். பறித்தபோது இருந்த அதே இறுக்கம்.

"எங்க ரூமுக்கு நாலு மணி நேரம் வேணும், ஹேமா."

"உங்க ரூம் இதைவிட ரொம்பப் பெருசு, இன்னும் ரெண்டு பெட்டி சேர்க்கணும். சேர்த்தா நாலரை வரைக்கும்..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"ஆமா, சொல்லாதீங்க. எங்க பெட்டிமேல ஒண்ணும் எழுதாம அனுப்புங்க."

2.30. சில்க் போர்டு சந்திப்பு வரை ஹேமா கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து தமிழ்நாட்டுப் பேருந்து. எங்கள் ஊர் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் இது எல்லை தாண்டும் பஸ். ஆக இரண்டு மாநிலத்திலும் டிக்கெட் எடுத்த பெருமை எனக்கு. இந்த முறை ஐம்பது ரூபாய்.

5.00. பாகலூரில் எங்கள் குளிரறை வாசலில் பத்து பேரும் நின்றிருந்தார்கள். அன்றைக்கும் கரண்ட் போய், ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பகல் முழுக்க சிவாஜிநகரின் இரைச்சலில் இருந்து வந்தவளுக்கு, சொந்த ஊர்தான் அதிகம் சத்தம் போடுகிறது என்று பட்டது.

"நாலு மணி நேரம் தாங்குதா?" என்று கத்தினார் நாராயணப்பா.

"இல்ல. மூணு மணி பத்து நிமிஷம்! கதவு நிக்காம ஆடுச்சு, நான் கூடவே உக்காந்து பாத்தேன். நமக்கு ரெண்டு பெட்டி கூட வரும். அதுமேல நம்பர் எதுவும் இருக்காது. பிப்ரவரி கூட்டத்துல, லாரி வாசல்ல நிக்குறப்போ, நாமே கரண்டை நிறுத்துவோம். எவ்ளோ தாங்குதோ அதை நீங்க உங்க கையால எழுதுங்க. நான் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் என் பெட்டியைத் திறந்து ஒரு ரோஜாவை எடுத்தார். மொட்டை அழுத்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார், முகம் சுளித்தது.

"என்னம்மா இது, கறி வாசனை அடிக்குது?"

முழுக் கதையையும் சொன்னேன். ஆட்டுத் தொடை பக்கத்தில் பூ தொங்கிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. அவர் அந்தப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய் ஜெனரேட்டர் மேல் படிந்த கரியை விரலால் தொட்டு, வேட்டியில் துடைத்துவிட்டு வந்தார்.

"அந்த பாய் இருபது ஆட்டை உள்ள வெச்சாரா?"

"வெச்சாருங்க."

"சரி. அன்னைக்கு முதல்ல என் பூவை உள்ள வை."