மலையாண்டியின் நாக்கு

இலுப்பூர்ப் பக்கம் பழைய வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் மலையாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம் என்பது ஒரு காரணம். வேடிக்கை பார்க்கலாம் என்பது இன்னொரு காரணம். உண்மையில் அதுதான் பெரிய காரணம். ஜன்னலில் தகட்டால் ஒரு கீறு கீறி, பெயர்ந்து வரும் செதிலை நாக்கு நுனியில் வைப்பார். ஒரு கண்ணை மூடுவார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "இது எழுவத்திரண்டுல அடிச்சது. இதுக்கு அடியில கெடக்குறது ஒங்க தாத்தா காலத்துச் சரக்கு" என்று தீர்ப்புச் சொல்வார். வீட்டுக்காரர்களுக்கே தெரியாத வருஷம் என்பதால் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், "பழசு இனிக்கும். புதுசு சப்புன்னு இருக்கும்" என்பார். வருஷக் கணக்கு வெறும் புளுகு என்றாலும், இனிப்பு மட்டும் சத்தியமான உண்மை.

இரண்டு வருஷமாக அவர் புது வித்தை ஒன்றையும் சேர்த்திருந்தார். பிரஷ்ஷை இடது கையில் பிடித்து அடிப்பது. "ரெண்டு கைக்காரன்" என்று ஊர் மெச்சியது. அவரும் மீசையைத் தடவிக்கொண்டு மறுக்காமல் இருந்தார். வலது கை மணிக்கட்டு மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வப்போது வயிற்றை முறுக்கிப் பிழியும் வலிக்கு வாயு என்று பெயர் வைத்து, சோடா குடித்து ஏப்பம் விட்டுச் சமாளித்தார். பெயிண்ட்காரனுக்குக் கை விளங்கவில்லை என்று தெரிந்தால் எவன் கூப்பிடுவான்?

பெயிண்ட் கடை நாகராசு ஒருமுறை எச்சரிக்கத்தான் செய்தார். "பழைய எனாமல்ல காரீயம் கெடக்கும்ணே. அது வெசம். இப்ப வர்ற டப்பாவுலதான் அதைக் கொறைச்சிருக்கான். சுரண்டுற தூசி பிள்ளைங்களுக்கு ஆகவே ஆகாதாம்."

"வெசத்தை எடுத்துட்டா பளபளப்பு எங்கிட்டு இருந்து வரும்? அதான் இப்ப அடிக்கிறதெல்லாம் மூணு வருஷத்துல பல்லைக் காட்டுது" என்று மலையாண்டி அவர் வாயை அடைத்துவிட்டு வந்தார்.

ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது ஆவூரில் அமல்ராஜ் வாத்தியார் வீட்டு வேலை வந்தது. திருவிழாவுக்கு உறவுக்கூட்டம் வரும். வீடு மினுங்க வேண்டும். அமல்ராஜின் பாட்டனார் கட்டிய வீடு. வருஷா வருஷம் பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சு அடித்து அடித்து ஜன்னல் சட்டமெல்லாம் தோசைக்கல் கனத்துக்கு ஏறியிருந்தது.

முதல் நாளே வித்தை நடந்தது. அமல்ராஜும் மனைவி ஷர்லியும் கைதட்டினார்கள். அவர்களுடைய மகள் ஏஞ்சல், இரண்டரை வயசு, ஜன்னலுக்கு ஓடினாள். ஒரு பச்சைச் செதிலைப் பிய்த்து நாக்கில் வைத்தாள். ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, "இனிக்குது மாமா" என்றாள்.

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. ஷர்லி அவளை மறுபடி செய்யச் சொல்லி வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மலையாண்டிதான். தனக்கு ஒரு சிஷ்யை கிடைத்துவிட்டாள் என்று பெருமை வேறு.

இரண்டு வாரம் அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வீடு முழுக்கப் பச்சைத் தூசி. அந்தத் தூசியில் உட்கார்ந்துதான் சிஷ்யை விளையாடினாள்.

ஒருநாள் காலையில் வந்தபோது வீடு களையிழந்து கிடந்தது. ஷர்லி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா வெளிக்குப் போகலண்ணே."

"எனக்குந்தான்" என்றார் மலையாண்டி, ஆறுதலாக.

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வீல்னு கத்துறா."

"எனக்குந்தான்."

"வாயில ஒன்னும் எறங்கல, தூக்கமும் இல்ல. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுறா."

மூன்றாவது முறையும் 'எனக்குந்தான்' என்று சொல்ல வந்த மலையாண்டி குழந்தையைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயசு ஆளுக்கும் இரண்டரை வயசுப் பிள்ளைக்கும் ஒரே நோய் எப்படி வரும்? இரண்டு பேரும் சேர்ந்து தின்றது ஒன்றுதான். நாகராசு சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குனிந்து ஜன்னலின் அடிச்சட்டத்தைப் பார்த்தார். சின்னஞ்சிறு பல் தடம் வரிசையாக இருந்தது; சில தடங்கள் பழையவை. பல் முளைத்த நாளிலிருந்தே கடித்திருக்கிறாள். இவர் வந்து அதற்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்துவிட்டார். அவர் நேரே அமல்ராஜிடம் போனார்.

"சார், பிள்ளையப் புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தத்துல காரீயம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இந்தப் பழைய பெயிண்ட்தான் சார் வெசம்."

அமல்ராஜ் சிரித்துவிட்டார். "பூச்சி மருந்து குடுத்தாச்சு, கோயில் எண்ணெயும் தடவியாச்சு, சரியாயிரும். முப்பது வருஷமா இதைத் தின்னுட்டுக் குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்க. ஒங்களுக்கு என்ன ஆச்சாம்?"

ஆமாம் சார் என்று கூடச் சிரித்திருந்தால் பிழைப்பும் பேரும் தப்பித்திருக்கும். மலையாண்டிக்கு அந்த ஆசை வரத்தான் செய்தது. குழந்தை மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவர் வலது கையை நீட்டினார்.

"இந்தக் கையை மேல தூக்கச் சொல்லுங்க சார், பாப்போம்."

முழங்கை உயர்ந்தது. உள்ளங்கை தொங்கியபடியே கிடந்தது. முகம் சிவக்க முக்கிப் பார்த்தார். விரல்கள் அசைந்தன, மணிக்கட்டு எழும்பவில்லை.

"ரெண்டு கைக்காரன்னு பீத்துனதெல்லாம் பொய். எனக்கு இருக்கறதே ஒரு கைதான். பிள்ளையக் கெளப்புங்க சார்."

அமல்ராஜ் கார் எடுத்தார்.

புதுக்கோட்டை டாக்டர் குழந்தை, மலையாண்டி இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அறிக்கை வரும்வரை குழந்தை கறம்பக்குடியில் மாமன் வீட்டில் இருந்தாள். மலையாண்டி டாக்டர் சொன்னபடி சட்டத்தை நனைத்து நனைத்துச் சுரண்டி, செதிலைப் பையில் கட்டி, தரையை ஈரத்துணியால் துடைத்தார். மூக்கு, வாய் இரண்டையும் மூடி முகமூடி போட்டிருந்ததால் அந்த வீட்டில் முதன்முறையாக அமைதி நிலவியது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. குழந்தைக்குக் காரீயம் அதிகம்தான். ஆனால் தூசியிலிருந்து விலக்கி, இரும்புச் சத்து மருந்தும் பாலும் கொடுத்தால் இறங்கிவிடும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். "விட்டிருந்தா மூளையப் பாதிச்சிருக்கும். வெளியே ஒன்னும் தெரியாது. பள்ளிக்கூடம் போற வயசுலதான் படிப்பு ஏறலன்னு சொல்லுவாங்க." மலையாண்டிக்கு அதைப்போல மூன்று மடங்கு இருந்தது. திருச்சியில் போய்ப் படுக்க வேண்டும். கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

வெளியே வந்ததும் ஷர்லி போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தாள். பிறகு திரும்பி, கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

"அண்ணே, இந்த வித்தைய எங்க வீட்டுல மட்டுமா காட்டுனீங்க?"

மலையாண்டி திருச்சிக்குப் போகவில்லை. மறுநாள் காலை மணமேல்குடி பஸ்ஸில் ஏறினார். ஆறு வருஷத்துக்கு முன் அங்கே பரிமளா என்பவர் வீட்டில், மூன்று வயசு மகள் கார்த்திகா 'எனக்கு' என்று கை நீட்டியபோது, ஒரு செதிலை ஒடித்து அவள் நாக்கில் வைத்தது இவரே. அன்றைக்கு அந்த வீடும் கைதட்டியது.

கதவைத் திறந்த பரிமளா பூரித்துப் போனார். "வாங்கண்ணே, வாங்க! பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களையும் கூப்புடுறேன், அந்த நாக்கு வித்தையக் காட்டிட்டுத்தான் போகணும்."

"பாப்பா நல்லாருக்காளாம்மா?"

"அவளுக்கென்ன, ஓட்டமும் ஆட்டமுமா இருக்கா. படிப்புத்தான் ஏற மாட்டேங்குது. நாலாவது வந்துட்டா, இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியல" என்று பரிமளா சிரித்தார்.

மலையாண்டி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாப்பாவக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."